இடது மூலையில் இன்னும் உப்பு

பிப்ரவரி 2, திங்கள்

உள்ளறையில் அப்பாவின் குறட்டை சீராகும்வரை காத்திருந்தேன். இப்போது சீராகிவிட்டது. தெருவிளக்கின் வெளிச்சம் அம்மாவின் தையல் மிஷின்மேல் விழுகிறது. அந்தப் பலகையில் வைத்து எழுதுகிறேன். இது போன வருட சமூக அறிவியல் நோட்டு. அம்மா எழுந்து வந்தால் மேப் வரைகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

யாரிடமும் சொல்லக்கூடாத ஒன்று எனக்குத் தெரியும். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை. ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலையும் ஜன்னலால் சண்டை. அப்பா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஹால் ஜன்னல் முன்னால் நின்றார். "ஏளா பட்டு, இந்தக் கண்ணாடியத் தொடைக்கவே மாட்டியா? ஒரே மங்கலாக் கெடக்கு."

அம்மா பெயர் பட்டுக்கனி. அவள் புழங்கும் இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய்கூட நிற்காது. "நேத்து சாயங்காலந்தான தொடைச்சேன். நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்துதான் சொல்லுதேன். உப்பு படிஞ்சிருக்கு."

எங்கள் வீடு தூத்துக்குடியின் கடைசித் தெருவில், ஒரு மாடி வீட்டின் மேல்தளம். வாடகைக்குத்தான் இருக்கிறோம். ஜன்னலுக்கு நேர் எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள். உப்பு லாரி போகும்போதெல்லாம் தூசி பறக்கும். அதனால் அப்பா சொல்வதும் நியாயம்தான். உப்பு படியத்தான் செய்யும்.

"இந்தா, இதக் கசக்கித் தொடை" என்று பேப்பரை எடுத்து நீட்டினார். இன்றைய பேப்பர். மடிப்புகூடக் கலையவில்லை.

முன்பெல்லாம் அன்றைய பேப்பரில் யாராவது கை வைத்தால் அப்பா வீட்டை ரெண்டாக்குவார். ஒரு தடவை அம்மா அதில் முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டாள். ராத்திரிவரை அவளோடு பேசவில்லை.

அம்மா துடைத்தாள். அப்பா பார்த்தார். "ம். இடது மூலையில இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேன் எடுக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

அப்பா ஓட்டுவது எங்கள் பள்ளிக்கூட வேன். சொந்த வேன்தான். முன்னால் கண்ணாடியில் அப்பாவின் பெயர் சுயம்புலிங்கம் என்று பாதியும் என் பெயர் சுபிதா என்று பாதியும் ஒட்டியிருக்கும். வேனில் இருந்த ஆயா பொங்கலோடு நின்றுவிட்டார். அதிலிருந்து நான்தான் முன் சீட்டு.

"வேற யாரையும் கிளீனரா வச்சா சம்பளம் குடுக்கணும். எம்மவள வச்சா ஒரு கடலை மிட்டாய்ல முடிஞ்சிரும்" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

என் வேலை சுலபம். வேகத்தடை வந்தால் 'தடை' என்று சொல்ல வேண்டும். மாடு நின்றால் 'மாடு'. சிக்னலில் சிவப்பா பச்சையா என்று சொல்ல வேண்டும். அப்பா இதை விளையாட்டு என்றுதான் ஆரம்பித்தார். முதலில் எனக்கும் பிடித்திருந்தது.

இன்னொரு புதுப் பழக்கமும் வைத்திருக்கிறார். வேனில் ஏறும் பிள்ளைகள் எல்லோரும் சத்தமாகப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்ல வேண்டும். "மகிஷா வணக்கம் மாமா." "அஸ்வந்த் வணக்கம் மாமா." எங்கள் பிரின்சிபால் இன்று கேட் பக்கம் நின்று இதைக் கேட்டுவிட்டு, மற்ற வேன் டிரைவர்களிடம் சுயம்புவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அப்பா வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அம்மாவும் சிரித்தாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாதி நாள் ஜன்னலுக்கே போனது. அம்மா முதலில் சோப்புத் தண்ணீர் போட்டாள். பிறகு எலுமிச்சைத் தோல். பிறகு நல்ல தண்ணீர். பிறகு பேப்பர். இழுத்துத் திறக்கிற அலுமினிய ஜன்னல் அது. ரெண்டு கண்ணாடிப் பலகை, வெளியே இரும்புக் கம்பி. உள்பக்கம் துடைக்கலாம். வெளிப்பக்கம் துடைக்க வேண்டுமானால் ஒரு பலகையைத் தள்ளி, அந்த இடைவெளியில் கையை விட்டு வளைத்துத் துடைக்க வேண்டும். அம்மாவின் கை முழங்கைவரை போகும். என் கை ஒல்லி என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இடது மூலைக்கு ரெண்டு பேர் கையும் எட்டாது.

சத்தம் கேட்டு ஓனர் ஜெயக்கொடி அத்தை கீழேயிருந்து ஏறி வந்தார். அத்தைக்கு வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் பெற்ற பிள்ளை மாதிரி.

"என்னளா பட்டு, கண்ணாடியத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காகிதமாக்கிராத. வாடகைக்குத்தான குடுத்திருக்கேன், வித்துப் போடலியே."

"எங்க வீட்டுக்காரருக்கு மங்கலாத் தெரியுதாம் அக்கா. பலகையக் கழட்டிக் கழுவிட்டு மாட்டிரட்டுமா?"

"கழட்டுற சோலியே வேண்டாம். உங்களுக்கு முன்னால இருந்தவன் கழட்டுதேன்னு கழட்டி, கீழ எந் துளசிச் செடி மேலயே போட்டான். துளசியும் போச்சு, கண்ணாடியும் போச்சு." அத்தை ஜன்னல் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். "இதுல என்ன மங்கலு? என் மூஞ்சி தெரியுது. சுயம்புவுக்கு என்ன, கலெக்டர் பங்களான்னு நெனப்பா?"

அப்பா அந்த நேரம் கீழே வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தை போன பிறகு அம்மா வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் இன்னொரு தடவை துடைத்தேன்.

கண்ணாடியில்தான் அழுக்கு என்றால் எல்லாம் சரியாகிவிடும்.

பிப்ரவரி 14, சனி

பனி. விடிந்தும் உப்பளம் தெரியவில்லை. இன்று எனக்கே எதுவும் தெரியவில்லை என்பதில் ஒரு சந்தோஷம்.

"மாசிப்பனி மச்சத் தொளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் அப்பா. "வீட்டுக் கண்ணாடியே இப்படின்னா வேன் கண்ணாடி எப்படி இருக்கும்."

அவருக்கு முன்னால் இறங்கிப் போய் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்தேன். ஈரப் பேப்பர், பிறகு காய்ந்த பேப்பர். அப்பா சொல்லிக் கொடுத்த முறை. மேலிருந்து கீழே மட்டும்தான் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் எதிரே வரும் லைட் சிதறும் என்பார். இந்த மாதிரி விஷயமெல்லாம் அப்பாவுக்கு அத்துபடி. எந்த வண்டி எந்தச் சத்தத்தில் என்ன நோய் என்று சொல்வார். நான் பிறந்தபிறகு அவர் வேன் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏறியதில்லை.

சனிக்கிழமை பத்தாம் வகுப்பு அக்காக்களுக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸ். எனக்கு லீவு. இருந்தும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். "லீவு நாளும் கிளீனர் வாராங்க பாருங்க" என்று அப்பா கிண்டல் செய்தார். ஆனால் நான் ஏறியதும் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

ராத்திரி தெருவிளக்கைப் பார்த்து, "லைட்டச் சுத்தி ஒரு வளையம் இருக்கு பாத்தியா மக்கா? அழகா இருக்குல்லா" என்றார்.

நான் ஆமாம் என்று சொன்னேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 18, புதன்

எழுதாவிட்டால் தூக்கம் வரவில்லை.

நேற்றுக் காலை உப்பளத்து வளைவில் மகிஷா வீட்டில் வேன் நின்றது. மகிஷா யூகேஜி. அவள் அம்மா அவளை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பையை எடுக்க உள்ளே போயிருந்தார். வெயில் நேராக உப்புக் குவியல்மேல் அடித்து எங்கள் முகத்துக்கு வந்தது. பின்னால் அஸ்வந்த் என் ஜடையை இழுத்தான். அவனைத் திட்டத் திரும்பினேன். அவ்வளவுதான், ஒரே ஒரு தடவை திரும்பினேன்.

அதற்குள் மகிஷாவின் வாட்டர் பாட்டில் வேனுக்கு முன்னால் உருண்டுவிட்டது. அவள் அதை எடுக்கக் குனிந்திருந்தாள். மஞ்சள் ரிப்பன். ரோட்டோரம் யாருமில்லை, மகிஷா இன்று வரவில்லை என்று நினைத்து அப்பா கியர் போட்டார்.

நான் "அப்பா" என்று கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.

வேன் நின்றது. மகிஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று, "மகிஷா வணக்கம் மாமா" என்றாள்.

அப்பா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட பிறகு என்னை மட்டும் நிறுத்தினார். "கண்ணாடில வெயில் அடிச்சிட்டு மக்கா. அதான். அம்மாட்ட சொல்லாத, என்ன? பயந்திருவா."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டினால் அவருக்குத் தெரியுமா என்று சந்தேகம் வந்தது. "சரிப்பா" என்று வாயாலும் சொன்னேன்.

சாயங்காலம் வேனின் முன்கண்ணாடியை இருட்டும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே.

பிப்ரவரி 19, வியாழன்

ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. தொண்டை கட்டிவிட்டது. கிளாசில் வாசிக்கச் சொன்னபோது குரலே வரவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவள் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல."

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். "ஏ சுபி, உங்கப்பாவுக்கு என் மேல என்னமும் கோவமா? கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒரு நாளும் என் வேலையில கொறை சொன்னதில்ல. இப்ப ரெண்டு மாசமா கண்ணாடி கண்ணாடின்னு உயிர எடுக்காரு. பொழுதன்னைக்கும் தொடைக்கேன். அந்த மனுசன் கண்ணுக்கு மட்டும் அழுக்காவே இருக்கு."

அவள் கண் கலங்கியிருந்தது. என் வாய்வரை வந்தது. ஆனால் சொன்னால் அப்பா வேன் ஓட்ட மாட்டார். வேன் ஓட்டாத அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா சொல்லிக் கேட்டால் அவர் நம்பவும் மாட்டார், சண்டைதான் வரும். அப்பாவிடம் சரி என்று சொன்னதை நான் மீறினேன் என்றும் ஆகும். சொல்லாவிட்டால் மஞ்சள் ரிப்பன்.

"அந்த இடது மூலைக்குக் கை எட்டலைல்லாம்மா, அதனாலதான்" என்றேன். "பலகையக் கழட்டிக் கழுவிட்டா அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் அத்தைட்டக் கேக்கேன்."

பிப்ரவரி 25, புதன்

ஜெயக்கொடி அத்தை தன் வீட்டு நிலைக்கதவுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பூசிக் கொடுத்தேன். முடிகிற நேரத்தில் கேட்டேன்.

"ஒங்கம்மா அனுப்பினாளா?"

"இல்ல அத்தை. நானாத்தான் வந்தேன்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி ஏன்ட்டி இப்படிச் சுண்டிப் போயிக் கெடக்கு? பரீட்சைப் பயமா?"

"ஆமா."

"ம். சனிக்கிழமை நானே வந்து கழட்டித் தாரேன். எங் கையாலதான் கழட்டுவேன், எங் கையாலதான் மாட்டுவேன். நீங்க தொடக்கூடாது."

கழற்றிய பிறகு உடனே மாட்டிவிட வேண்டுமா என்று கேட்டேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கீழ்த்தடத்தில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும் என்றார்.

பிப்ரவரி 28, சனி

அப்பா ஸ்பெஷல் கிளாசுக்கு என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் வேலை இருக்கிறது என்று சொன்னேன். "கிளீனர் இன்னைக்கு லீவு போல" என்று சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் படியிலேயே நின்றார். பிறகு இறங்கிப் போனார். வேன் சத்தம் வளைவில் மறையும்வரை காதைக் கொடுத்துக் கேட்டேன். பத்தாம் வகுப்பு அக்காக்கள் பெரியவர்கள், வேனுக்கு முன்னால் போக மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தார். பலகையை மேலே தூக்கி, கீழ்ப்பக்கம் நம்மை நோக்கி இழுத்தால் வந்துவிடுகிறது. அவ்வளவு சுலபம். ரெண்டையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கழுவித் தண்ணீர்த் தொட்டியோரம் சாய்த்து வைத்தோம். வெளிப்பக்கத்தில் உண்மையிலேயே கொஞ்சம் உப்பு இருந்தது. தேய்த்ததும் போய்விட்டது.

அம்மா மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "காஞ்சதும் அத்தையக் கூப்பிட்டு மாட்டச் சொல்லிருட்டி. அப்பா வாரதுக்குள்ள முடிச்சிரணும்" என்றாள்.

நல்ல வெயில். அத்தை கீழேயிருந்து "காஞ்சிட்டா?" என்று கேட்டார். இன்னும் ஈரம் இருக்கிறது என்று சொன்னேன். இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு ஜன்னல் சட்டத்தையும் கம்பியையும் துடைத்தேன். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே உப்புக் குவியல் பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. குவியலின் மேல் போட்டிருந்த ஓலைகூடத் தெளிவாகத் தெரிந்தது. காற்று கொஞ்சம் வீசியது. எனக்கு வியர்த்துக் கொட்டியதால் ஃபேனை ஐந்தில் வைத்தேன்.

கண்ணாடியை மாட்டச் சொல்ல மறந்துவிட்டேன்.

வேனின் ஹாரன் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா படியேறி வந்து செருப்பைக் கழற்றினார். "சோப்பு வாசனை அடிக்குதே. தொடைச்சாச்சு போலுக்கு."

"ஆமாப்பா. எப்படி இருக்கு, பாருங்க."

அப்பா ஜன்னல் முன்னால் போய் நின்றார். கையைப் புருவத்துக்கு மேல் வைத்துப் பார்த்தார். அதற்குள் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றாள். ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"முன்னைக்கு எவ்வளவோ பரவால்ல" என்றார் அப்பா. "ஆனா இந்த இடது மூலையில மட்டும் இன்னும் பொகை மாதிரி இருக்கு. உப்புல்லா, லேசுல போவாது."

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மெதுவாக நடந்து வந்தாள். மேஜையிலிருந்து பேப்பரை எடுத்தாள். ஒரு தாளைக் கிழித்துக் கசக்கினாள். ஜன்னலுக்குப் போய், ஒன்றும் இல்லாத அந்த இடத்தில் கையை வைத்து, மேலிருந்து கீழே துடைத்தாள்.

"இங்கனயா?"

"கொஞ்சம் மேல."

"இப்ப?"

"ம். இன்னும் கொஞ்சம்."

அம்மாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. குரல் மட்டும் மாறவே இல்லை. "இப்ப பாருங்க."

"இப்ப சரியாயிட்டு" என்றார் அப்பா. "இந்தா, இந்த ஓரத்துல ஒரு கோடு இருக்கு, அதையும்..." என்று விரலை நீட்டினார்.

விரல் போய்க்கொண்டே இருந்தது. கம்பியில் போய்த்தான் நின்றது.

அப்பா கம்பியைப் பிடித்தார். பிறகு அடுத்த கம்பியைப் பிடித்தார். கையை வெளியே நீட்டினார். அவர் கை வெயிலில் இருந்தது. கீழே ரோட்டில் உப்பு லாரி ஒன்று போனது.

"ஏளா, கண்ணாடி எங்க?"

"மாடில காயுது."

"அப்ப நீ இவ்வளவு நேரமும் என்னத்தத் தொடைச்ச?"

"நீங்க இல்லாத அழுக்கச் சொன்னீங்க. நான் இல்லாத கண்ணாடியத் தொடைச்சேன்" என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பா சிரித்தார். சிரிப்பு மாதிரித்தான் ஆரம்பித்தது. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சட்டைப்பையில் கையை விட்டு வேன் சாவியை எடுத்தார். என்னைக் கூப்பிட்டார். நான் சுவரோரம் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது நான் அழுதது கேட்டிருக்க வேண்டும்.

"இதக் கொண்டு போயி அம்மாட்டக் குடு மக்கா."

அம்மா அவரை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அவரே கொடுத்திருக்கலாம். நான் வாங்கி அம்மாவிடம் கொடுத்தேன்.

"திங்கக்கிழமையிலருந்து நீ முன்னால இருக்க வேண்டாம். பின்னால பிள்ளைங்களோட பேசிட்டு வா" என்றார்.

பிறகு அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "கண்ணாடிய மாட்டச் சொல்லுன்னு சொன்னேம்லா?"

"மறந்துட்டேம்மா."

அம்மா என்னையே பார்த்தாள். சாப்பிடும்போது என் தட்டில் ரெண்டு துண்டு சீலா மீன் இருந்தது. அவள் தட்டில் குழம்பு மட்டும்தான் இருந்தது.

மார்ச் 2, திங்கள்

துரைப்பாண்டி மாமா வேன் ஓட்டினார். அப்பாவின் கூட்டாளி. நான் பின்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் வாய் தானாக 'தடை' என்று முனகியது. அஸ்வந்த் என்னைக் கோட்டி, பைத்தியம் என்றான். நான் அவனைத் திட்டவில்லை.

பிள்ளைகள் ஏறும்போது வழக்கம்போல் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார்கள். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னளா, ஒவ்வொண்ணும் பேரச் சொல்லிட்டு ஏறுது? நான் என்ன அட்டென்டன்ஸா எடுக்கேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கு அப்புறம்.

மார்ச் 4, புதன்

கண் ஆஸ்பத்திரி. புரை. ரெண்டு கண்ணிலும். சர்க்கரையும் ஏறியிருக்கிறது. சர்க்கரை இருப்பதே எங்களுக்கு இன்றுதான் தெரியும். இடது கண்ணுக்கு முதலில் ஆபரேஷன் என்று சொன்னார்கள். புரையை எடுத்த பிறகுதான் உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்று சரியாகத் தெரியுமாம்.

டாக்டர் பெண். அப்பாவிடம் கோபமாகவே கேட்டார். "இவ்வளவு முத்துற வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜன்னலத் தொடைச்சிட்டு இருந்தோம் டாக்டர்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் நரம்பைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் அப்பா பேப்பரை வாசிக்கச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். மரண அறிவிப்பும் விடவில்லை. நடுநடுவே, "வெரசா வாசிக்காத, செய்தி என்ன ஓடியா போவுது" என்றார். வாசித்து முடித்ததும், "உன் தொண்டை ஏன் இப்படிக் கட்டிப் போயிருக்கு?" என்று கேட்டார்.

"பனிப்பா."

அப்பா என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். "பனி இல்ல மக்கா. அது நாந்தான்" என்றார்.

மார்ச் 11, புதன்

நாளைக்கு ஆபரேஷன். அம்மாவும் தூங்கவில்லை, புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. சாயங்காலம் ஜெயக்கொடி அத்தை ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்து, சர்க்கரை என்று சொன்னதும் அதை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டு, அப்பாவை அரைமணி நேரம் திட்டினார். "எங் கண்ணாடியக் கொறை சொன்னேல்லா, அதான் சாமி பாத்துக்கிட்டு" என்றார். போகும்போது படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நரம்பு நன்றாக இருக்க வேண்டும். நரம்பு நன்றாக இருந்தால் இனி ஒருநாளும் அஸ்வந்தைத் திட்ட மாட்டேன்.

மார்ச் 14, சனி

நேற்றுக் கட்டுப் பிரித்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர்கள் வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அலுப்பு என்று படுத்துவிட்டார். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், அதில் தூக்கம்தான் இருந்தது.

இன்று காலை எழுந்து வந்தபோது அப்பா ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏளா பட்டு."

"என்னங்க?"

"இந்த ஜன்னலத் தொடைச்சு எத்தன நாளாச்சு?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அடுப்படியில் விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். நாங்கள் ரெண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

அழுக்கு. ஆஸ்பத்திரி அலைச்சலில் யாரும் அதைத் தொடவே இல்லை. கண்ணாடி முழுவதும் வெள்ளையாக உப்பு. நடுவில், அன்று மாட்டும்போது பிடித்த அத்தையின் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருந்தன. கீழே பல்லி எச்சம்.

"வலது பக்கந்தான் ரொம்ப மோசம்" என்றார் அப்பா. "இடது மூலை பரவால்ல."

அம்மா சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. ஒரே நேரத்தில் ரெண்டையும் செய்தாள். "அந்தக் கண்ணு இன்னும் பாக்கி இருக்கு, அதுக்குள்ள கொறை சொல்ல ஆரம்பிச்சிட்டீரா" என்று அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள். நரம்பைப் பற்றி நேற்றே டாக்டர் சொல்லிவிட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறதாம். என்னிடம் சொன்னதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தார். "மூக்குல என்னட்டி பரு? எப்ப வந்துச்சு? ஏன் இப்படி மெலிஞ்சு போயிருக்க?"

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. ஜன்னலைத் துடைக்கலாம் என்று ஒரு மக்கில் தண்ணீர் எடுத்தேன். மேஜையில் பேப்பர் இருந்தது. எடுத்துக் கிழிக்கப் போனேன்.

"ஏய், ஏய்" என்றார் அப்பா. "அது இன்னைக்குப் பேப்பர். நான் இன்னும் படிக்கலைல்லா."

வாங்கிக்கொண்டுபோய் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்.

நான் மிஷினுக்குக் கீழே குனிந்து பழைய பேப்பரைத் தேடினேன்.